சுங்கை பூலோவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? முதலில் ஓதத்தைப் பாருங்கள்

கேள்வி இது. சிங்கப்பூரின் ஈஷூனில் ஒரு குடும்பம். மகளுக்கு ஐந்து வயது, மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு முழங்கால் வலி. கடைத்தொகுதிகளைச் சுற்றி எல்லாருக்கும் அலுத்துவிட்டது. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு ஒரு நாள் நடக்கப் போகலாமா, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு, முதலை இருக்கிறதாமே, சின்னப் பிள்ளைகள் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டு அம்மா கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. தினமும் காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணிவரை திறந்திருக்கும். பாதை ஏறக்குறைய முழுவதும் சமதளம். ஆனால் நாள் குறிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அன்றைக்குக் கடல்நீர் எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை மணிக்கு வற்றுகிறது. சுங்கை பூலோ போய்வந்து "அங்கே ஒன்றுமே இல்லையே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போன நேரத்தில் தண்ணீர் தோதாக இருந்திருக்காது. இல்லையென்றால் ஜூன் மாதத்தில் வலசைப் பறவைகளைத் தேடிப் போயிருப்பார்கள்.

ஓதம், அதாவது கடல்நீரின் இந்த ஏற்றமும் வற்றமும், ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அந்த இடம் உருவான கதையில் இருக்கிறது. இன்று பறவைகள் இறங்கும் குட்டைகள் ஒரு காலத்தில் இறாலும் மீனும் வளர்த்த பண்ணைகள். மண்கரை எழுப்பி, அதில் மதகு வைத்திருந்தார்கள். கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் தண்ணீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வந்துவிடும். மூடி வளர்த்து, கடல் வற்றும் நேரத்தில் மதகில் வலையைக் கட்டித் திறந்துவிட்டால் இறால் வந்து வலையில் விழும். 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இங்கே பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைக் கண்டு, இந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1989இல் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கினார்கள். 1993 டிசம்பரில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்துவைத்தார். 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமானது, அடுத்த ஆண்டே ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது. இப்போது பரப்பளவு 202 ஹெக்டர்.

அந்த மதகு முறை இன்றும் பயன்படுகிறது. வெளியே கடல் உயர்ந்து சேறெல்லாம் மூழ்கும்போதும் உள்ளே சில குட்டைகளில் தண்ணீரைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். பறவைகளுக்காக. நடக்கும்போது பிள்ளைகளுக்கு மதகைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். தொடக்கநிலை நான்கு பையனுக்கு இது நன்றாகப் பிடிக்கும். எந்தப் பக்கம் தண்ணீர் உயரம், எந்தப் பக்கம் தாழ்வு என்று அவனே பார்த்துச் சொல்வான்.

கடல் வற்றும் நேரத்தில் கரைப்பறவைகள் வெளியே திறந்த சேற்று வெளிகளில், முக்கியமாக மண்டாய்ப் பக்கத்துச் சேற்றுப் பரப்பில், புழுவும் நண்டும் சிப்பியும் தேடித் தின்றுகொண்டிருக்கும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் அவற்றுக்கு நிற்க இடம் இல்லாமல் போகிறது. உடனே கிளம்பிச் சுங்கை பூலோவின் குட்டைகளுக்கு வந்து இறங்கி, ஒற்றைக்காலில் நின்று தூங்கும், சிறகு கோதும், மறுபடி நீர் வற்றும்வரை காத்திருக்கும். அதனால் பறவை பார்க்க வேண்டுமென்றால் ஏற்றத்தின்போது போக வேண்டும். சேற்றில் ஊரும், தத்தும் உயிர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வற்றத்தின்போது போக வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் தரிசனம் தராது.

பிள்ளைகளோடு போகும்போது இரண்டையும் காட்டிவிட ஒரு வழி உண்டு. காலை எட்டரை, ஒன்பது மணி வாக்கில் நீர் உச்சத்துக்கு வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்துக்குப் போய் முதலில் பறவைக் குட்டைகளைப் பாருங்கள். அதற்குள் நீர் இறங்கத் தொடங்கியிருக்கும். பத்தரை, பதினொரு மணிக்கு, உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டுக்குள் வந்தால் மரங்களின் காலடியில் சேறு தெரிய ஆரம்பித்திருக்கும். நண்டுகள் வளையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் நீங்களும் புறப்பட்டுவிடலாம்.

ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணையில் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல் இருந்தால் நல்ல ஏற்றம், ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் நல்ல வற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் நாள்காட்டி தொங்கினால் இன்னும் எளிது. அமாவாசை, பௌர்ணமியிலும் அதையடுத்த ஓரிரு நாள்களிலும் கடல் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். அஷ்டமி, நவமி பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு குறைவு. அன்றைக்குச் சேறு அதிகம் வெளியே தெரியாது. எவ்வளவு ஏறும் என்பதை நாள்காட்டியில் ஊகிக்கலாம். எத்தனை மணிக்கு என்பதற்கு மட்டும் அட்டவணை வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி கடலோரத்துக்காரராக இருந்தால் இதையெல்லாம் அவரே உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

அடுத்தது மாதம். வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச் வாக்கில் திரும்பிப் போகும். பள்ளி விடுமுறையோடு இதைப் பொருத்திப் பார்த்தால் நவம்பர், டிசம்பர் நீண்ட விடுமுறைதான் மிகத் தோது. மார்ச் மாத ஒரு வார விடுமுறையும் நல்லதே. கிளம்பத் தயாராகும் சில பறவைகள் சாம்பல் நிறம் மாறி இனப்பெருக்கக் கால நிறத்தைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கும். ஜூன் விடுமுறையில் அநேகமாக அவை இருக்காது. அப்போது போனாலும் கொக்கு, நாரை, மீன்கொத்தி, உடும்பு, சேற்று உயிர்கள் எல்லாம் இருக்கும். வலசைப் பறவை மட்டும் கணக்கில் வராது.

வருகிற பறவைகளில் பலவற்றைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கோடியக்கரையில் பார்த்திருக்கலாம். ஆரஞ்சுச் சிவப்புக் காலோடு நிற்கும் பவளக்காலி உள்ளான், பச்சைக்காலி உள்ளான், முதுகில் பொன்புள்ளி தெறித்த உப்புக்கொத்தி, கீழ்நோக்கி வளைந்த நீள அலகோடு வரும் சிறு கோட்டான். குட்டையின் ஓரத்தில் சேற்று நிறத்திலேயே நிற்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. ஒன்று அசைந்ததும் பக்கத்தில் முப்பது நிற்பது தெரியும். சிங்கப்பூரில் குளிர்காலத்தைக் கழிக்கும் பவளக்காலிகளுக்கும் சிறு கோட்டான்களுக்கும் சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பவளக்காலி இமயமலையை நேராகத் தாண்டிச் சிங்ஹாய் திபெத்தியப் பீடபூமிக்கும், சிறு கோட்டான் ரஷ்யாவின் வடக்குப் பகுதிக்கும் முட்டையிடப் போவது அதில் தெரிந்தது. 2020இல் வெளியான ஆய்வு இது. பத்து வயதுப் பையனிடம் குட்டை ஓரம் நிற்கும் பறவையைக் காட்டி, இது எவரெஸ்ட் இருக்கும் மலைத்தொடரைத் தாண்டிப் பறக்கும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் அவன் அந்தப் பறவையைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

சரி, எந்த வாசல் வழியாகப் போவது? இரண்டு இருக்கின்றன. கிராஞ்சி வே பக்கம் இருப்பது புதியது, 2014இல் திறந்தது. கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்தில் நீர்த்தேக்கப் பக்கம் இறங்கி நடந்துவிடலாம். அங்கிருந்து 1.3 கிலோமீட்டர் கடலோரப் பாதை ஜொகூர் நீரிணையை ஒட்டிப் போகிறது. வழியில் ஈகிள் பாயிண்ட் என்ற இடத்தில் நின்றால் எதிரே ஜொகூர்க் கரை தெரியும், மேலே வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடும். மற்றது நியோ தியூ கிரசென்ட் பக்கத்துப் பழைய வாசல். முதன்மைப் பாலம், பறவைக் குட்டைகளைச் சுற்றும் 1.95 கிலோமீட்டர் வலசைப் பறவைப் பாதை, 500 மீட்டர் அலையாத்தி மரப்பாதை மூன்றும் இந்த வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் குடும்பத்துக்கு நான் நியோ தியூ வாசலைத்தான் சொல்வேன். கார் இல்லையென்றாலும் அன்றைக்கு மட்டும் கிராஞ்சி நிலையத்திலிருந்து டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள். கிராஞ்சி வே பக்கம் இறங்கினால், தாத்தாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் பறவைக் குட்டையை எட்டுவதற்குள் இருக்கும் தெம்பெல்லாம் நடையிலேயே போய்விடும். திரும்பி வரும் தூரமும் இருக்கிறது. திரும்பும்போதும் டாக்சியை முன்கூட்டியே கைப்பேசிச் செயலியில் கூப்பிட்டுவிடுங்கள். அது ஒதுக்குப்புறமான இடம், கார் வந்து சேர நேரம் எடுக்கும். பெரிய பிள்ளைகள் மட்டும் இருக்கும் குடும்பம் என்றால் கிராஞ்சி வே பக்கம் நுழைந்து கடலோரப் பாதையில் நடந்து மறுமுனையில் வெளியேறுவது அழகான நடை.

முழுச் சுற்றையும் முடித்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். சதுப்புநிலத்தில் தூரத்தை எண்ணி நடப்பவர்கள் பாதியைப் பார்க்காமல் போகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு நண்டு வளையின் முன்னால் இருபது நிமிடம் குந்தியிருந்தால் இருக்கட்டும், அதற்காகத்தான் வந்தீர்கள். நான் சொல்லும் வழி இவ்வளவுதான்: பாலம், அதைத் தாண்டிச் சற்றுத் தள்ளியிருக்கும் பெரிய பறவைக் குடில், திரும்பி வந்து அலையாத்தி மரப்பாதை. எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், ஆனால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இன்னும் தெம்பிருந்தால் அவனை மட்டும் அப்பா அழைத்துக்கொண்டு குட்டையைச் சுற்றி ஏரி டவர் (Aerie Tower) என்ற கோபுரம்வரை போய்வரட்டும். 18 மீட்டர் உயரம். மேலேயிருந்து குட்டைகள், கரைகள், காடு, நீரிணை எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

பாலத்தில் அவசரப்படாதீர்கள். கீழே ஓடுவது சுங்கை பூலோ பெசார் ஆறு. தண்ணீர் உயர்ந்திருக்கும்போது பாலத்தடியில் வில்வீரன் மீன் எனப்படும் ஆர்ச்சர் மீன்களைப் பார்க்கலாம். இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் மேல் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வீழ்த்தித் தின்னும் மீன் அது. நீர்நாய்கள் வருவதும் இந்த ஆற்றில்தான். பீஷானிலும் மரினா பே பக்கத்திலும் இன்று குடும்பம் குடும்பமாகத் திரியும் வழுவழுப்பு நீர்நாய் இனம் சிங்கப்பூரில் நீண்ட காலம் காணாமல் போய், 1998இல் ஒரு சோடி இங்கே சுங்கை பூலோவில்தான் மறுபடி தென்பட்டது.

பறவைக் குடில் என்பது பறவைகள் நம்மைப் பார்க்காமல் நாம் அவற்றைப் பார்க்கக் கட்டிய மரக்கொட்டகை. உள்ளே பேச்சைக் குறைத்து, கையை வெளியே நீட்டாமல் இருந்தால் போதும். தொலைநோக்கி ஒன்றாவது வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்குவது பிள்ளைகளுக்குப் போதும். அதற்கு மேல் போனால் சின்னக் கைகளில் படம் ஆடும். பறவையை முதலில் வெறுங்கண்ணால் கண்டுபிடித்து, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். வீட்டுச் சன்னலிலிருந்து எதிர் புளோக்கின் மாடியைப் பார்த்து முந்தைய நாளே பழகிவிட்டால் குடிலில் "எங்கே, எங்கே" என்று தேட வேண்டியிருக்காது.

கருடனையும் மறக்காதீர்கள். வெள்ளைத் தலையும் செம்பழுப்புச் சிறகுமாகக் கிராஞ்சி வானத்தில் அடிக்கடி தெரியும் செம்பருந்துதான் அது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஏன் என்று பேத்தி கேட்பாள். அந்தக் கதையைப் பாட்டியே சொல்லட்டும்.

இனி அலையாத்திக் காடு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பிள்ளைகளுக்கும் இதுதான் நினைவில் நிற்கும். பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இந்த மரங்கள் பழக்கமானவை. இங்கே மரப்பாதை அவற்றின் வேர்களுக்கு மேலேயே போவதால் குனிந்து பார்க்க முடிகிறது. உப்புத்தண்ணீரில், காற்றுப் புகாத சேற்றில் மரம் எப்படி உயிர் வாழ்கிறது என்று மகனிடம் கேளுங்கள், பதிலை அவனே கண்டுபிடிக்கட்டும். சுரபுன்னை இடுப்புயரத்திலிருந்து வேர்களை வளைத்து ஊன்றி நிற்கும். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீள வேர்கள் நூற்றுக்கணக்கில் மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கும். அவை மூச்சு வேர்கள், வற்றத்தின்போது காற்றை உள்ளே இழுக்கின்றன. அதே வெண்கண்டல் உப்பை இலை வழியாக வெளியேற்றும். வெயில் நாளில் இலையின் மேல் உப்புப் பொடி மினுங்குவது தெரியும். சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்துபோய் வேறொரு கரையில் வேர்விடும்.

தில்லை மரமும் சிங்கப்பூர் அலையாத்திக் காடுகளில் உண்டு. சிதம்பரம் கோயிலின் தல மரம் என்றால் தாத்தாவுக்கு உடனே புரியும். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல் வரும், பார்வையே பாதிக்கலாம். அதனால் எந்த இலையையும் கிள்ளக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். காப்பகத்தில் இலை, பூ, கிளிஞ்சல் எதையும் பறிக்கவோ எடுத்துவரவோ அனுமதியும் இல்லை. நீர்ப்பருத்தி மரத்தடியில் விழுந்து கிடக்கும் பூக்களைக் காட்டுங்கள்: காலையில் மரத்தில் மஞ்சளாக மலர்ந்து, மாலைக்குள் செம்மை ஏறி உதிரும் பூ. மரத்தில் ஒரு நிறம், தரையில் வேறு நிறம்; ஏன் என்று ஐந்து வயதுப் பிள்ளையே கேட்டுவிடும். நீரோரத்தில் தண்டு வெளியே தெரியாமல் ஓலை மட்டும் எழும்பி நிற்கும் நீப்பாப் பனையைக் கண்டால், ஐஸ் கச்சாங்கில் போடும் அத்தாப் சீ இதன் இளங்கொட்டைதான் என்று சொல்லுங்கள்.

சேற்றுக்கு வருவோம். மட்ஸ்கிப்பர் மீனாக இருந்தும் தண்ணீருக்கு வெளியே நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. செவுளறையில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும், ஈரமான தோலாலும் மூச்சுவிடும். தோல் காயாமலிருக்க அவ்வப்போது சேற்றுத் தண்ணீரில் உருண்டு புரளும். முன் துடுப்பை ஊன்றி நடக்கும், வாலைச் சுண்டித் தாவும். பெரிய வகை ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, சேற்றில் தனக்கென ஒரு குழிக்குட்டை வெட்டி வைத்திருக்கும். ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். காலடி அதிர்வு பட்டால் எல்லாம் வளைக்குள் போய்விடும். அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் மறுபடி வெளியே வரும். பிள்ளைகளுக்கு இதை ஒரு போட்டியாக வைக்கலாம்: யார் அதிக நேரம் அசையாமல் நிற்கிறார்கள், யாருக்கு அதிக நண்டு தென்படுகிறது.

ஆங்காங்கே மரங்களுக்கிடையே மண்மேடுகள் இருக்கும். எறும்புப் புற்று என்றுதான் முதலில் தோன்றும். அது சேற்று இறால் கட்டியது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, இரவில் சேற்றைத் தோண்டி மேலே தள்ளும் பிராணி. பார்ப்பது அபூர்வம், மேட்டை மட்டும் பார்க்கலாம். அது கிளறிப் போடுவதால்தான் அடி மண்ணுக்குக் காற்றும் நீரும் போகின்றன. அந்த மேட்டிலேயே நண்டும் பாம்பும் எறும்பும் குடியேறுகின்றன. ஏற்றத்தின்போது வந்துவிட்டீர்களானால் சேறு தெரியாது, ஆனால் மரத்தண்டுகளைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் மரமேறி நண்டுகளும் நத்தைகளும் அங்கே இருக்கும்.

முதலை. ஆமாம், இருக்கிறது, உவர்நீர் முதலை. நீரிணையில் நீந்தித் திரிபவை இங்கே வந்து போகின்றன, ஆற்றோரச் சேற்றில் வெயில் காய்கின்றன. பாலத்திலிருந்தோ குடிலிலிருந்தோ பார்க்கக் கிடைத்தால் அது பெரிய பேறு. 2014இல் கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் இறந்து கிடந்த ஒன்றின் எடை 400 கிலோ, அதனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது. நீர்விளிம்பில் நிற்கவோ குந்தவோ கூடாது. தடுப்புக் கம்பியில் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுக்கக் கூடாது. சின்னப் பிள்ளையின் கை எப்போதும் பெரியவர் கையில் இருக்கட்டும். பாதையிலேயே ஒன்று படுத்திருந்தால் கிட்டப் போகாமல், முதுகைக் காட்டி ஓடாமல், மெல்லப் பின்வாங்கி வேறு பக்கம் போங்கள். அறிவிப்புப் பலகையில் இருக்கும் எண்ணில் தகவல் சொல்லுங்கள். இவ்வளவும் செய்தால் போதும், பயந்து வீட்டிலேயே இருக்கத் தேவையில்லை.

முதலை என்று பிள்ளைகள் கத்துவது பெரும்பாலும் நீருடும்பைப் பார்த்துத்தான். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். பிளவுபட்ட நாக்கை அடிக்கடி நீட்டி இழுத்தால் அது உடும்பு. வழிவிட்டு நின்றால் தன்பாட்டுக்குப் போய்விடும். பாம்பைப் பொறுத்தவரை ஒரே ஒரு பழக்கம்: மரப்பாதையில் கைப்பிடியையோ கிளையையோ பார்க்காமல் தொடக் கூடாது. அலையாத்தி விரியன் கைப்பிடி உயரத்துக் கிளையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் உணவு என்றே நினைக்கும். கையில் பை எடுத்துப் போகாதீர்கள், எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். எந்த விலங்குக்கும் தீனி போடக் கூடாது. காட்டுயிர்ச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மறுமுறை 10,000 வரை. அபராதத்தை விடுங்கள், மனிதன் கையில் உணவு இருக்கும் என்று ஒரு குரங்கு பழகிவிட்டால் அடுத்து வரும் பிள்ளையிடம் அது பிடுங்கும், கடைசியில் கெடுதல் குரங்குக்குத்தான் வரும். புளியோதரையோ இட்லியோ கட்டிக்கொண்டு போனால், நடையெல்லாம் முடிந்து வாசல் பக்கம் வந்த பிறகு சாப்பிடுங்கள். உள்ளே வயிற்றுக்குச் சாப்பிட எதுவும் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும்.

உடை: முழுக்கை, முழுக்கால், மூடிய காலணி, தொப்பி. கொசு மருந்து கட்டாயம். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், குடை குறுகலான மரப்பாதையில் இடைஞ்சல். இடி கேட்டால் நடையை நிறுத்திக் கூரையுள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். நவம்பர் மாதத்தில் பிற்பகல் இடிமழை சாதாரணம் என்பதால்தான் காலையையே சொல்கிறேன். வளர்ப்பு நாயையும் மிதிவண்டியையும் உள்ளே விடமாட்டார்கள். கழிப்பறை இரண்டு வாசலிலும் இருக்கிறது, பாதையில் கிடையாது. பிள்ளைகளை முதலிலேயே போகச் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டார் தள்ளுவண்டியைவிட உடலோடு கட்டிக்கொள்ளும் பையை எடுத்துப் போவது நல்லது. வண்டி உருளும் இடமும் உண்டு, உருளாத இடமும் உண்டு.

தாத்தாவுக்கு: பறவைக் குடிலில் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு மணி நேரம் பார்க்கலாம், கோபுரத்தில் ஏற வேண்டாம். நடக்க முடியாதவருக்குச் சுங்கை பூலோவில் ஒன்றும் குறைந்துவிடாது. குட்டை முன்னால் பொறுமையாக உட்காருபவருக்குத்தான் மீன்கொத்தி பாய்வதும் நாரை மீனை விழுங்குவதும் கண்ணில் படும். ஒரு தொலைநோக்கியை அவரிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்து வரலாம், ஆனால் கூட யாராவது ஒருவர் இருக்கட்டும்.

கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மரப்பாதையைப் பழுதுபார்க்க அவ்வப்போது மூடுவார்கள். தன்னார்வலர்கள் வழிகாட்டும் நடைகளுக்கும் அங்கேயே பதிவுசெய்யலாம்.

அந்த வாரம் ஓதம் ஒத்துவரவில்லை, அல்லது ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் தாங்குமா என்று சந்தேகமாக இருக்கிறது என்றால் முதலில் பாசிர் ரிஸ் பூங்காவின் அலையாத்தி மரப்பாதைக்குப் போய்வாருங்கள். சின்னக் காடுதான், ஆனால் மட்ஸ்கிப்பரும் நண்டும் நாரையும் அங்கேயும் உண்டு. பக்கத்திலேயே பெரிய விளையாட்டுத் திடல், எம்ஆர்டியும் தூரமில்லை. அதையும் வற்றத்தின்போது பாருங்கள். நன்னீர்ச் சதுப்பு எப்படி வேறுபடுகிறது என்று மகன் கேட்கும் வயது வந்ததும் 2016இல் திறந்த கிராஞ்சி சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே ஓதம் பார்க்க வேண்டியதில்லை. அதிகாலையில் போய், ராப்டர் டவரில் ஏறி, கீழே சதுப்பில் நீலத் தாழைக்கோழிகள் நடமாடுவதைப் பார்க்கலாம்.